விடிய விடிய ஒன்பதாம் பந்து

பிலிப்பைன்ஸ் பில்லியர்ட்ஸ் ரசிகர்களும், அவர்கள் பின்னால் ஓடும் உலகப் போட்டிகளும்

1995-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ரீனோ நகரில் சாண்ட்ஸ் ரீஜென்சி போட்டியின் இறுதி ஆட்டம். ஸ்கோர் 12-12. அடுத்த ரேக்கை, அதாவது அடுத்த சுற்றை, எடுப்பவருக்குப் பட்டம். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், வெள்ளைப் பந்தை மற்ற பந்துகளின் மறைவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அடிக்க வேண்டியது ஐந்தாம் எண் பந்து. அதற்கு நேர்வழியே கிடையாது. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் குனிகிறார். வெள்ளைப் பந்து மேசையின் ஒரு நீளப் பக்கத்தில் மோதுகிறது. குறுக்கே பாய்ந்து எதிர்ப்பக்கத்தில் மோதுகிறது. அங்கிருந்து சரிந்து வந்து ஐந்தைக் குழிக்குள் தள்ளுகிறது. ஐந்து விழுந்ததோடு முடியவில்லை. அடுத்து அடிக்க வேண்டிய ஆறுக்கு வாகான இடத்தில் வெள்ளைப் பந்து வந்து நிற்கிறது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாக எல்லாம் உள்ளே போகின்றன. பட்டம் ரெயஸுக்கு.

அந்த வீடியோ பழையது, மங்கலானது. ஆனால், பந்து போன பாதை இசட் எழுத்தைப் போல் இருந்ததால் 'இசட் ஷாட்' என்றே பெயர் பெற்றுவிட்ட அந்த அடியைப் பார்க்காத பில்லியர்ட்ஸ் ரசிகர் மணிலாவில் இருக்க மாட்டார்.

2025 ஜூலையில் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த உலக நைன்-பால் இறுதி ஆட்டத்தில் கார்லோ பியாடோ, ஃபெடோர் கோர்ஸ்டை 15-13 என்ற கணக்கில் தோற்கடித்தார். உலக நைன்-பால் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் பிலிப்பினோ அவர்தான். ரெயஸ் வாங்கியதுகூட ஒன்றுதான். 15-13 என்ற அந்த ஸ்கோருக்குப் பின்னால், கைபேசித் திரையை அணைக்காமல் விழித்திருந்த ஒரு தேசம் இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த பில்லியர்ட்ஸ் ரசிகர் யார் என்று கேட்டால் என் பதில் அந்த பிலிப்பினோதான். இன்று அந்த ரசிகரை நம்பித்தான் இந்த விளையாட்டின் பெரும் பணம் நகர்கிறது. ஆனால் அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது?

நாற்காலியைப் பாருங்கள்

கிரிக்கெட்டில் ஃபீல்டர் ஓடலாம். டென்னிஸில் எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிக்கலாம். நைன்-பாலில் எதிராளி மேசையில் நிற்கும்வரை நம் ஆள் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

இதை இன்னும் கொடுமையாக்குவது, ரேக்கை ஜெயித்தவரே அடுத்த ரேக்கையும் உடைக்கலாம், அதாவது அடுக்கிய பந்துகளை முதலில் அடித்துச் சிதறடிக்கலாம், என்ற விதி. உலக சாம்பியன்ஷிப் இப்போது அப்படித்தான் நடக்கிறது. உடைத்தவர் ஒரு பந்தைப் போட்டுவிட்டுத் தவறே செய்யாமல் மேசையைக் காலி செய்தால், அடுத்ததும் அவருடையது, அதற்கடுத்ததும் அவருடையதே. தொடர்ந்து ஐந்து ரேக் போய்விட்டால், உட்கார்ந்திருப்பவர் குச்சியைத் தொட்டே வெகுநேரம் ஆகியிருக்கும். உடம்பு ஆறிவிடும். பிறகு ஒரு சிக்கலான நிலையில், சில்லிட்ட கையோடு எழுந்து வர வேண்டும்.

ஆளுக்கொரு முறை மாற்றி மாற்றி உடைப்பதுதான் நியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. காகிதத்தில் நியாயம்தான். எனக்கு ஜெயித்தவர் உடைக்கும் முறையே பிடிக்கிறது. 4-10 என்று பின்தங்கியவர் எழுந்துவந்து ஆறு ரேக்கைத் தொடர்ந்து எடுக்கும் சாத்தியத்தை அதுதான் உயிரோடு வைத்திருக்கிறது. ரசிகர் தூங்கப் போகாமல் இருப்பதும் அந்தச் சாத்தியத்துக்காகத்தான்.

பழகிய ரசிகர் மேசையை மட்டும் பார்ப்பதில்லை. நாற்காலியையும் பார்க்கிறார். துண்டால் குச்சியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாரா? தண்ணீர் பாட்டிலை அடிக்கடி எடுக்கிறாரா? பந்துகளைப் பார்க்கிறாரா, தரையைப் பார்க்கிறாரா? எதிராளி வெள்ளைப் பந்தை அரை அங்குலம் அதிகமாக ஓடவிட்ட நொடியில், உட்கார்ந்திருப்பவர் முதுகை நிமிர்த்தி, குச்சி நுனியில் தேய்க்கும் சாக்கட்டியை எடுப்பார். தவறு இன்னும் நடக்கவில்லை. மூன்று பந்துகள் கழித்து நடக்கப்போகிறது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்த ஆட்டம் வேறொன்றாகிவிடும்.

---

பெட்டிச் செய்தி: ஆட்டம் இதுதான்

மால்களில் பூல் டேபிள் என்று நாம் பார்ப்பதுதான் மேசை. போட்டிகளில் 9 அடி நீளம், நாலரை அடி அகலம், ஆறு குழிகள். ஸ்னூக்கர் மேசை 12 அடி. பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் பந்தைவிடப் பெரியது, கனமானது.

1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள். மேசையில் இருப்பதிலேயே குறைந்த எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். தொட்டபின் எந்தப் பந்து விழுந்தாலும் செல்லும். ஒன்பதைப் போட்டவருக்கு ரேக். ஒன்றைத் தொட்டு அதன் வழியே ஒன்பது விழுந்தாலும் ரேக் முடிந்தது. கேரம் பலகையில் ரெட்டைக் குறிவைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல.

தவறு செய்தால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த மட்டத்தில் அது கிட்டத்தட்ட ஒரு ரேக்கைத் தானம் செய்வதற்குச் சமம்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளையான ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்.

---

குளிர்பானப் பெட்டி மேல் ஏறி நின்ற பையன்

ரெயஸ் பிறந்தது 1954-இல், பம்பாங்கா மாகாணத்தில். ஐந்து வயதில் மணிலாவுக்கு வந்து, பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்த மாமாவிடம் வளர்ந்தார். மேசை எட்டாது என்பதால் குளிர்பானப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று பழகினார். இரவில் மேசையே படுக்கை. அங்கிருந்த வயதான இன்னொரு எஃப்ரனிடமிருந்து பிரித்துச் சொல்ல 'பாட்டா', அதாவது சின்னப் பையன், என்று கூப்பிட்டார்கள். எழுபதைத் தாண்டியும் அவர் பாட்டாதான்.

அந்தக் கூடங்களில் ஆடப்பட்டது நைன்-பால் அல்ல, 'ரொட்டேஷன்'. பதினைந்து பந்துகள். அதிலும் குறைந்த எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். பந்தில் இருக்கும் எண்ணே புள்ளி. மொத்தம் 120 புள்ளி. 61 எடுத்தவருக்கு வெற்றி. மேசை முழுக்கப் பந்துகள் நெருக்கியடித்து நிற்க, அடுத்த எண்ணுக்கு வழி கிடைப்பது அபூர்வம். ஓரங்களில் மோதவிட்டு வளைத்துப் போய்த் தொடுவது அங்கே அன்றாடப் பிழைப்பு. இதில் வளர்ந்தவருக்கு ஒன்பதே பந்துகள் உள்ள மேசை திறந்த மைதானமாகத்தான் தெரியும். ரீனோவில் உலகம் அதிசயமாகப் பார்த்த அடி, மணிலாவின் கூடங்களில் உருவான பழக்கத்தின் பலன்.

1985-இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் ஒரு போட்டியில் 'சீசர் மொரேல்ஸ்' என்ற பெயரில் இறங்கி ஜெயித்தார். சொந்தப் பெயரின் புகழ் அவருக்கு முன்பே கடல் கடந்து போய்விட்டிருந்தது. 1994-இல் யு.எஸ். ஓப்பன் நைன்-பால் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். 1996-இல் ஹாங்காங்கில் ஸ்ட்ரிக்லண்டோடு ஒரு லட்சம் டாலர் பந்தயம். யார் முதலில் 120 ரேக் எடுக்கிறார்கள் என்று மூன்று நாள் ஆட்டம். 120-117 என்று முடிந்தது, ரெயஸ் பக்கம்.

இவையெல்லாம் ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு. ஊர் முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது 1999-இல். வேல்ஸின் கார்டிஃப் நகரில் நடந்த உலகப் போட்டியில் தைவானின் சாங் ஹாவ்-பிங்கை 17-8 என்று வென்றபோது, அது தொலைக்காட்சியில் வந்தது.

அதிகாலை மூன்று மணி ரசிகர்கள்

கோடைக்காலத்தில் கார்டிஃபுக்கும் மணிலாவுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டு மணிக்கு நடக்கும் ஆட்டம் மணிலாவில் விடியற்காலை மூன்று மணி. பிலிப்பைன்ஸ் ரசிகர்களின் பெரிய நினைவுகள் பெரும்பாலும் இந்த நேரத்துக்குச் சொந்தமானவை.

அவற்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2002, அதே கார்டிஃப். பிரான்சிஸ்கோ புஸ்டமான்டே பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார். போட்டியின் நடுவில் ஊரிலிருந்து செய்தி வந்தது. அவருடைய கைக்குழந்தை இறந்துவிட்டது. அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார், இறுதிவரை போனார். ஸ்ட்ரிக்லண்டிடம் 15-17 என்று தோற்றார். இரண்டே ரேக்.

அதற்குப்பின் எட்டு ஆண்டுகள். 2010-இல் கத்தாரின் தோஹாவில் தைவானின் குவோ போ-செங்கை 13-7 என்று வென்று புஸ்டமான்டே உலக சாம்பியன் ஆனார். வெறும் முடிவுகளின் பட்டியலில் இவை இரண்டு தனித்தனி வரிகள். இரண்டையும் விழித்திருந்து பார்த்த ரசிகருக்கு ஒரே ஆட்டம், எட்டு வருடம் நீண்ட ஆட்டம். ஒரு விளையாட்டைத் தொடர்ந்து பின்பற்றுவதன் முழுப் பலனும் எனக்கு இதில் தெரிகிறது.

தோஹாவில் இன்னொன்றும் நடந்தது. 2010 முதல் 2019 வரை உலகப் போட்டி கத்தாரில்தான். வளைகுடாவில் கட்டுமானத்திலும் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் கேலரிக்கு வந்து குரல் கொடுத்தார்கள். 2017-இல் இறுதி ஆட்டமே பியாடோவுக்கும் ரோலண்ட் கார்சியாவுக்கும் இடையில். சொந்த ஊரை விட்டு ஆண்டுக்கணக்கில் விலகியிருப்பவர்களின் கண் முன்னால், இரண்டு பக்கமும் சொந்த ஊர்க்காரர்கள். வளைகுடாவில் உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த மாலை எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

---

பெட்டிச் செய்தி: உலக நைன்-பால், பிலிப்பைன்ஸ் கணக்கு

1999, கார்டிஃப்: எஃப்ரன் ரெயஸ்

2004, தைபே: அலெக்ஸ் பகுலாயன் (பிலிப்பைன்ஸில் பிறந்தவர், கனடாவுக்காக ஆடினார்)

2006, மணிலா: ரானி அல்கானோ. ஜெர்மனியின் ரால்ஃப் சூகேயை 17-11 என்று வென்றார்

2007, மணிலா: இறுதியில் ராபர்ட்டோ கோமஸ் 15-17 என்று இங்கிலாந்தின் டேரில் பீச்சிடம் தோல்வி

2008, 2009: போட்டி நடக்கவில்லை

2010, தோஹா: பிரான்சிஸ்கோ புஸ்டமான்டே

2017, தோஹா: கார்லோ பியாடோ

2025, ஜெட்டா: மீண்டும் கார்லோ பியாடோ

இரட்டையர் உலகக் கோப்பையில் 2006, 2009, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் பட்டம்.

---

ரசிகருக்காக மாறிய ஆட்டம்

1994-இல் இங்கிலாந்தின் ரோம்ஃபோர்டில், பேரி ஹேர்னின் மேட்ச்ரூம் நிறுவனம் மொஸ்கோனி கோப்பையை ஆரம்பித்தது. ஐரோப்பா ஒரு பக்கம், அமெரிக்கா ஒரு பக்கம். பில்லியர்ட்ஸ் என்றால் மூச்சு விடாமல் பார்க்க வேண்டும் என்ற மரபை அது தலைகீழாகத் திருப்பியது. பாட்டு, கொடி, மேளம். அடிக்கும் நொடியைத் தவிர மற்ற நேரமெல்லாம் இரைச்சல்.

அந்த மாதிரியில் உருவானதுதான் ரெயஸ் கோப்பை. 2024 அக்டோபரில் மணிலாவின் நினோய் அக்கினோ ஸ்டேடியத்தில் ஆசியாவும் ஐரோப்பாவும் மோதின. ஆசிய அணிக்குத் தலைவர் ரெயஸ்தான். பியாடோ, ஜோஹான் சுவா ஆகிய பிலிப்பினோக்களோடு தைவானின் கோ பின்-யீ, சிங்கப்பூரின் அலோய்ஷஸ் யாப், வியட்நாமின் டுவாங் கூக் ஹ்வாங் ஆகியோரும் அணியில் இருந்தார்கள். ஆசியாவுக்கு 11-6 வெற்றி. 2007-க்குப் பிறகு உலக நைன்-பால் போட்டியைச் சொந்த மண்ணில் பார்க்காத ரசிகர்களுக்குக் கடைசியில் தங்கள் நேரத்தில், தங்கள் ஊரில், கத்துவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

ரசிகரை மனதில் வைத்துச் செய்த மாற்றங்கள் மேசை வரைக்கும் வந்துவிட்டன. ஓர் அடிக்கு 30 விநாடி. ரேக்குக்கு ஒருமுறை கூடுதல் நேரம் கேட்கலாம். யோசித்து யோசித்து எதிராளியை வாட்டும் பழைய தந்திரம் இதோடு போயிற்று. போனதில் எனக்கு வருத்தமில்லை.

பந்துகளை அடுக்கும் முறையும் மாறியது. முன்பு முன்னால் நிற்கும் ஒன்றாம் பந்துதான் மேசையின் புள்ளியில் இருக்கும். அப்போது ஓரத்தில் நிற்கும் பந்து கிட்டத்தட்டத் தானாகவே மூலைக்குழிக்குப் போய்விடும். மெதுவாக, அளந்து உடைத்தாலே போதும். இப்போது நடுவில் இருக்கும் ஒன்பதைப் புள்ளியில் வைக்கிறார்கள். மொத்த அடுக்கும் முன்னால் நகர்வதால் ஓரப் பந்தின் பாதை குழியை விட்டு விலகிவிடுகிறது. பலமாக உடைக்க வேண்டும். உடைத்தும் ஒன்றும் விழாமல் போகலாம். பார்ப்பவருக்கு இது லாபம். ஏறக்குறைய நான்கு அங்குல நகர்த்தல், ஆட்டத்தின் முதல் அடியையே நிச்சயமில்லாததாக்கி விட்டது. ரசிகர்களின் உரையாடலில் பாதி உடைப்பைப் பற்றியது என்றால் காரணம் இதுதான்.

பணம் வந்தது, குழப்பமும் வந்தது

2024 முதல் பத்தாண்டுகளுக்கு உலகப் போட்டி ஜெட்டாவில். 128 பேர். மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். சாம்பியனுக்கு 2,50,000 டாலர். அல்கானோ 2006-இல் மணிலாவில் பெற்றது ஒரு லட்சம்.

ஆட்டக்காரர்கள் இதற்குத் தகுதியானவர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். பெரிய பணத்தை நம்பி ஏமாந்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு. 2006-இல் ரீனோவில் நடந்த ஐ.பி.டி. (இன்டர்நேஷனல் பூல் டூர்) போட்டியை ரெயஸ் ஜெயித்தபோது முதல் பரிசு 5 லட்சம் டாலர். அதுவரை இந்த விளையாட்டு காணாத தொகை. ஆனால் போட்டி முடிந்த பிறகு, பரிசுப் பணத்தை உடனே கொடுக்க முடியாது என்ற அறிவிப்பு வந்தது. அந்தப் போட்டித் தொடரே சீக்கிரம் சுருண்டு போனது. நீண்ட ஒப்பந்தமும் நேரத்துக்கு வரும் காசோலையும் இவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, அடிப்படை.

ஆனால் ரசிகரின் கணக்கு வேறு. யார் நடத்தும் போட்டி அதிகாரபூர்வமானது என்பதில் இந்த விளையாட்டின் உலக நிர்வாக அமைப்புக்கும் மேட்ச்ரூமுக்கும் இடையே 2024-இல் உரசல் முற்றியது. அங்கீகாரம் இல்லாத போட்டிகளில் ஆடினால் தடை வரும் என்று ஆசிய பில்லியர்ட்ஸ் கூட்டமைப்பு எச்சரித்தது. ஆசியப் போட்டிகள் ரசிகர்களால் நிரம்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஆசிய ஆட்டக்காரர்களின் தலைமேல் இந்தக் கத்தி தொங்கியது. இது புதிய நோயும் அல்ல. 1999-இலேயே உலகப் போட்டிகள் இரண்டு. ரெயஸ் கார்டிஃபில் ஜெயித்தார். நிக் வார்னர் ஸ்பெயினின் அலிகாந்தேயில் ஜெயித்தார். பின்னால் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும், தன் ஆள் அடுத்த மாதம் எங்கே ஆடுவார், ஆட விடுவார்களா என்று ரசிகர் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றால் அது நிர்வாகிகளுக்கு அவமானம். கூடத்தில் கடன் சொல்லி ஆடிய பையன்களையும் விடிய விடிய விழித்தவர்களையும் வைத்துத்தான் இவர்கள் எல்லோருடைய நாற்காலியும் நிற்கிறது.

இந்த ஆரவாரத்தில் பெண்களின் ஆட்டத்துக்குக் கிடைத்த பங்கு மிகக் குறைவு. ரூபிலென் அமிட் 2009-இலும் 2013-இலும் டென்-பால் உலகப் பட்டம் வென்றவர். 2024-இல் நியூசிலாந்தின் ஹாமில்டனில் சீனாவின் சென் சிமிங்கை வென்று நைன்-பால் உலகப் பட்டத்தையும் எடுத்தார். பிலிப்பைன்ஸின் எந்தப் பெண்ணும் அதற்கு முன் அதை எடுத்ததில்லை. செஸ்கா சென்டெனோ 2023-இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில் டென்-பால் உலகப் பட்டம் வென்றார். அமிட் ஹாமில்டனில் ஜெயித்த அடுத்த மாதமே மணிலாவில் ரெயஸ் கோப்பை. ஆசிய அணியின் ஐந்து இடங்களிலும் ஆண்கள். கண்டத்துக்குக் கண்டம் மோதும் ஒரு போட்டியில் கலப்பு இரட்டையர் ஆட்டம் ஒன்றைச் சேர்ப்பதற்குப் புதிய மேசைகூட வேண்டாம்.

ஜெட்டா ஒப்பந்தம் முடிய 2033 ஆகும். மணிலாவுக்கும் ஜெட்டாவுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஒன்பதுக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு மணிலா ரசிகர் இரண்டு மணிக்கு அலாரம் வைக்க வேண்டும். கார்டிஃபை ஒப்பிட்டால் இது சலுகைதான். இறுதி ஆட்டத்தை ஜெட்டாவின் பிற்பகலுக்குக் கொண்டுவந்தால் மணிலாவில் இரவுச் சாப்பாட்டு நேரம். குழந்தைகளும் பார்க்கலாம். அட்டவணை போடுகிறவர்கள் பேனாவை எடுக்கும்போது முதலில் எழுத வேண்டிய திருத்தம் இது.